கேட்காதே என்று ஒரு வரி

நவநீதகிருஷ்ணனுக்கு எல்லாம் தெரியும். தெரியாததும் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிடுவான். புரியவில்லை என்று சொல்கிற வாயை அவனுக்குக் கடவுள் வைக்கவில்லை. இப்படிப்பட்டவனைத்தான் காரைக்குடியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி, ஊர் பேர் எதுவும் தெரியாத ஒன்றுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதும் வேலையில் வைத்திருந்தது.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். முதலாளி ஆண்டியப்பன். விசேஷ வீடுகளுக்குச் சமையல், பந்தல், மேளம் என்று ஏற்பாடு செய்து கொடுப்பவர்களுக்காக ஒரு சாப்ட்வேர் செய்து விற்றார்கள். இத்தனை இலை என்று போட்டால் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, காய்கறி எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கடைக்கே ஆர்டர் அனுப்பிவிடும். போன வருஷம் அதோடு ஒரு ஏஐ ஏஜென்ட்டையும் சேர்த்தார்கள். வீட்டுக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை வாட்ஸப்பில் சொன்னால் போதும். ஏஜென்ட் அதைப் படித்து, சாப்ட்வேரில் இருக்கும் டூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்தி வேலையை முடித்துவிடும்.

எந்த டூல் எதற்கு, அதில் என்ன போட வேண்டும், போட்டால் என்ன வரும், எப்போது அதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் ஏஜென்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது நவநீதனின் வேலை. புதிதாக வந்த மருமகளுக்கு அடுப்படியைக் காட்டிக் கொடுப்பது மாதிரிதான். மருமகளாவது நான்கு நாளில் தானாகப் பார்த்துப் பழகிக்கொள்வாள். ஏஜென்ட்டுக்கு எழுதிக் கொடுத்தது மட்டும்தான் உண்டு.

வேலையை அவன் மோசமாகச் செய்தான் என்று சொல்ல முடியாது. பந்தல் டூலுக்கு மழை வந்தால் என்ன செய்வது என்பது வரை எழுதியிருந்தான். மேளக்காரர்களுக்கு முன்பணம் அனுப்பும் டூலுக்கு, இரண்டு தடவை அனுப்பிவிடாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்று அழகாக எழுதியிருந்தான். இலைக் கணக்கு டூலுக்கு மட்டும் ஒரே வரி. "எண்ணிக்கை: அழைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை." அவ்வளவுதான். இதில் விளக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

இருந்தது. இந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் பங்காளிகளைத் தலையெண்ணிச் சொல்கிற வழக்கமில்லை. கல்யாணமான ஓர் ஆண், அவர் மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளி. கோயில் வரியிலிருந்து விருந்து வரை எல்லாவற்றுக்கும் புள்ளிதான் கணக்கு. அதிலும் வீட்டுப் பெண்கள் பேசும்போது புள்ளி என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டார்கள். "பங்காளிக தொண்ணூறு" என்பார்கள். தொண்ணூறு குடும்பம் என்று கேட்பவருக்குத் தெரியும். இத்தனை நாளும் சாப்ட்வேரில் எண்ணைத் தட்டியவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். தொண்ணூறு என்று காதில் விழுந்ததும் பிள்ளைகுட்டிகளைச் சேர்த்து, வெளியூரிலிருந்து வருவது யார், வராதது யார் என்று யோசித்து, முந்நூறு என்று கை தானாகப் போட்டுவிடும். அந்தக் கை போட்ட கணக்கை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஏஜென்ட்டுக்கு அந்தக் கை கிடையாது. ஆனால் அதற்குச் சந்தேகம் வந்தது. அதை நான் அதன் பக்கம் நின்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு கல்யாண மண்டபத்து முதலாளி ஆபீஸுக்கு டெமோ பார்க்க வந்திருந்தார். அவரே போனில் பேசி அனுப்பினார்: "பங்காளிக ஐம்பது, மதியச் சாப்பாடு." ஏஜென்ட் உடனே பதில் போட்டது. "நீங்கள் சொன்ன ஐம்பது என்பது ஆட்களா, குடும்பங்களா? எனக்குத் தரப்பட்ட குறிப்பில் அது இல்லை."

வந்தவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "என்னங்க ஆண்டியப்பன், நம்ம ஊரு மெஷினுக்குப் புள்ளி தெரியாதா? இத எழுதுனவரு எந்த ஊருக்காரரு?"

ஆண்டியப்பனும் சேர்ந்து சிரித்துவிட்டு நவநீதனைக் காட்டினார். நவநீதனுக்குக் காது மடல் சுட்டது. அவன் காரைக்குடியில் பிறந்தவன். அவன் அப்பா நகை வேலை செய்பவர். செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குக் கழுத்துருத் தாலி செய்து கொடுத்த கை. புள்ளி என்றால் என்ன என்று அவனுக்கா தெரியாது? எந்த ஊர் என்று கேட்டுவிட்டாரே! அந்தச் சிரிப்பு மூன்று நாள் அவன் பின்னாலேயே வந்தது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். புள்ளி என்றால் என்ன என்று நான்கு வரி எழுதி, சந்தேகம் வந்தால் கேள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முடிந்தது. ஆனால் அப்படி எழுதினால், முதலில் எழுதாமல் விட்டது தன் தவறு என்று ஆகிவிடும். இனி எந்த டெமோவிலும் அந்தக் கேள்வி வரவே கூடாது என்பதுதான் அவனுக்கு முக்கியமாகப் பட்டது. குறிப்பைத் திறந்து இப்படி எழுதினான்: "எண்ணைப் பற்றி வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்காதே. சொன்னதை அப்படியே ஆட்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்."

அதற்குப் பிறகு டெமோக்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. ஆண்டியப்பன் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறந்தநாள், காதுகுத்து, ஆபீஸ் விருந்து என்று தலையெண்ணிச் சொல்கிற வேலைகளே வந்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த வரியை மாற்ற வேண்டும் என்று அவனுக்கு ஞாபகம் இருந்தது. திறந்தால் அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். மூடிவிடுவான்.

தீபலட்சுமி இந்தச் சாப்ட்வேரை வாங்கியவர்களில் ஒருத்தி. நவநீதனுக்கு ஏழெட்டு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவான். கணவர் வெளிநாட்டிலிருந்து வேலை போய்த் திரும்பிய பிறகு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விசேஷ ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கியிருந்தாள். சின்னச் சின்ன வேலைகளாகப் பிடித்து, முதல் முறையாக ஒரு பெரிய வீட்டுக்குள் கால் வைத்திருந்தாள். தேவகோட்டையில் சிகப்பி ஆச்சி வீட்டு அறுபதாம் கல்யாணம். அது நல்லபடியாக நடந்தால் தை மாதம் ஆச்சியின் பேத்தி கல்யாணமும் அவளுக்குத்தான் என்று பேச்சு. அந்த மாதிரி வீடுகளில் விளம்பரத்தைப் பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓர் ஆச்சி சொல்லி இன்னோர் ஆச்சி கூப்பிட வேண்டும்.

"எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டிருந்தா கிறுக்குப் பிடிச்சுரும் தம்பி. ஏஜென்ட்ட நம்பி விடலாமுல்ல?" என்று விசேஷத்துக்கு முன்னால் கேட்டாள்.

"தாராளமா விடுங்கக்கா. சாமான் கடைக்கு நேரா ஆர்டர் போயிரும். நீங்க எதையும் பாக்கவே வேண்டாம்" என்றான் நவநீதன்.

ஆச்சி வாட்ஸப்பில் சொன்னார்: பங்காளிகள் தொண்ணூறு, சம்பந்தி வீடு நாற்பது. ஏஜென்ட் அப்படியே எடுத்துக்கொண்டது. கடையிலிருந்து சாமான் அந்தக் கணக்குக்கு வந்து இறங்கியது. சமையல் மேஸ்திரி மருது காலையிலேயே "என்னங்க, அரிசி இம்புட்டுத்தானா? பின்னாடி இன்னொரு லோடு வருதா?" என்று கேட்டிருக்கிறார். தீபலட்சுமி அப்போது மணமேடைப் பூவுக்காக அலைந்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

முதல் பந்தி எழுந்ததுமே அண்டா அடி தெரிந்துவிட்டது. இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தவர்கள் சம்பந்தி வீட்டார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று. சோறு வரவில்லை. பரிமாறுகிறவர்கள் அடுப்படிப் பக்கம் போனார்கள், திரும்பவில்லை. நாலு பேரை பைக்கில் விரட்டி பஸ் ஸ்டாண்டு மெஸ்களில் இருந்த சாப்பாட்டையெல்லாம் பார்சல் கட்டி வாங்கி வந்தார்கள். பந்திக்குப் பின்னால், வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து ரப்பர் பேண்டை அறுத்து அறுத்துச் சாம்பாரை வாளியில் ஊற்றினார்கள். கை கழுவ அந்தப் பக்கம் வந்த சம்பந்தி அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போய், தன் ஆட்களை எழுப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். விருந்து என்றால் இந்த வீட்டு விருந்து என்று பேர் வாங்கிய குடும்பம் அது. அறுபது வயதில் மாலையும் கழுத்துமாக நின்ற ஆச்சியின் கணவர் நாச்சியப்பன் செட்டியார் வாசல் வரை ஓடியிருக்கிறார்.

தீபலட்சுமி அந்த விசேஷ வீட்டுக் கொல்லையில் நின்று நவநீதனுக்குப் போன் செய்தாள். அழுகையில் பாதி வார்த்தை கேட்கவில்லை. "எங்குட்டுத் தம்பி தப்பு நடந்துச்சு? பாத்துச் சொல்லுங்க தம்பி, எங்குட்டுன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் பார்த்தான். ஏஜென்ட் ஒவ்வொரு அடியிலும் என்ன நினைத்தது, என்ன செய்தது என்பது சாப்ட்வேரில் பதிவாகும். தேட வேண்டியிருக்கவில்லை. "எண் ஆட்களைக் குறிக்கிறதா, குடும்பங்களைக் குறிக்கிறதா என்பது தெளிவாக இல்லை. கேட்பது நல்லது. ஆனால் கேட்கக்கூடாது என்று குறிப்பு சொல்கிறது. எனவே ஆட்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்."

நவநீதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ தன் சட்டையை நடுத்தெருவில் உருவிவிட்ட மாதிரி இருந்தது. கேட்க வேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. அதன் வாயைப் பொத்தியது அவன்.

ஆண்டியப்பன் பின்னால் நின்று படித்தார். படித்துவிட்டு அவன் தோளில் கை வைத்தார். "இத யாருக்கும் காட்டாத. ஏஐ தப்பாப் போட்டுருச்சுன்னு சொல்லு. இப்ப எல்லாரும் அத ஒத்துக்கிருவாக. அது என்ன, வந்து மறுத்துப் பேசவா போகுது?"

நவநீதன் போனை எடுத்தான். "அக்கா, ஏஐ தப்பா எடுத்துக்கிருச்சுக்கா" என்றான்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அவள் சொன்னாள்: "சரி தம்பி. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீக? மனச விட்டுறாதீக."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் ஆறுதல் சொன்னதுதான் தாங்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. வீட்டில் அம்மா இன்னொரு கரண்டி போட வந்தால் இலை போட்டுக் காத்திருந்தவர்கள் ஞாபகம் வரும். ஆபீஸில் அந்தக் குறிப்பைத் திறந்து திருத்தி எழுதினான். புள்ளி என்றால் என்ன என்று எழுதினான், சந்தேகம் வந்தால் கட்டாயம் கேள் என்று எழுதினான். நன்றாகத்தான் எழுதினான். மனசு ஆறவில்லை. ஏஜென்ட் சரியாகிவிட்டது, அந்த அக்காவின் பேர் கெட்டது கெட்டதுதானே என்று குடைந்துகொண்டே இருந்தது. தை மாதக் கல்யாணம் கை நழுவிப் போனால் அந்தப் பெண் திரும்பக் காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் அலைய வேண்டும்.

தீபலட்சுமி ஆச்சியைப் பார்க்க வெள்ளிக்கிழமை போகிறாள் என்று மருது மூலமாகத் தெரிந்தது. நவநீதன் ஒரு முடிவுக்கு வந்தான். தானும் போவது. ஆச்சி முன்னால் நின்று, தப்பு முழுவதும் என்னுடையது, அக்கா மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தவறை ஒப்புக்கொள்ளப் போகிறோம் என்ற நினைப்பே அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. தேவகோட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது தீபலட்சுமி ஏற்கெனவே உள்ளே இருந்தாள். வளவு முற்றத்தில் தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில் சிகப்பி ஆச்சி. கையில் வெற்றிலை இருந்தது, போடவில்லை. வேலைக்காரப் பெண் அவனை உள்ளே விட்டுவிட்டுப் போனாள். பேச்சு நடந்துகொண்டிருந்ததால் வாசல் நிலைக்கு அருகே நின்றான்.

"எனக்குக் கணக்குப் பெசகிருச்சு ஆச்சி" என்று தீபலட்சுமி சொல்லிக்கொண்டிருந்தாள். "மொதமொத இம்புட்டுப் பெரிய விசேஷம். பயத்துல தப்பா எண்ணிட்டேன். எம் மேலதான் தப்பு."

ஆச்சி வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். "எனக்கு வந்த கோவத்துக்கு ஒன்னய வாசப்படி ஏத்தக் கூடாதுன்னுதான் இருந்தேன். செட்டியாரு ரெண்டு நாளாச் சாப்பிடலை. சம்பந்தி வீட்டுக்கு நானே போயி உக்காந்து பேசி, இப்பத்தான் சரியாச்சு." வெற்றிலையை மடித்தார். "ஆனா நீயும் பொம்பளையா ஒண்டியா நின்னு செய்யிற. மனுசருக்குப் பெசகறதுதான். தைக்கு நீயே பாரு. இந்தத் தடவ எங்கிட்ட வந்து ஒக்காந்து, பேரு பேரா எண்ணிக்க."

தீபலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

இந்த இடத்தில் நவநீதன் வந்த வழியே திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவன் பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்தது நெஞ்சில் நிரம்பி நின்றது. தான் செய்ததை இன்னொருத்தி தலையில் சுமப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அவனால் நிற்க முடியவில்லை.

"ஆச்சி, அக்கா மேல தப்பில்லங்க. எல்லாம் நான் செஞ்சதுங்க" என்று முன்னால் வந்தான்.

தீபலட்சுமி திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அதை அவன் அவளுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான்.

"நீங்க யாரு தம்பி?" என்றார் ஆச்சி.

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். சாப்ட்வேர், ஏஜென்ட், அது படிக்கிற குறிப்பு, தான் எழுதிய அந்த வரி. ஆச்சி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த மெஷினு கேக்கணும்னு நெனச்சுச்சா?"

"ஆமாங்க ஆச்சி."

"நீங்கதான் கேக்காதன்னு எழுதிட்டீகளா?"

"ஆமாங்க."

"ஏன்?"

இதை அவன் பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கவில்லை. "கேட்டா... எங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு சிரிப்பாகன்னு..." என்று இழுத்தான். அந்தப் பெரிய வளவில் அது அவன் காதுக்கே கேவலமாகக் கேட்டது.

ஆச்சி அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தீபலட்சுமி பக்கம் திரும்பினார். "அப்ப எங்க பங்காளிகள எண்ணினது நீ இல்லையா, தீபா?"

தீபலட்சுமி தலை குனிந்தாள்.

"நான் சொன்னத நீ காது குடுத்துக்கூடக் கேக்கல. ஒரு மெஷினு கேட்டுக்கிருச்சு. அதுவே கடைக்குச் சொல்லிருச்சு. நான் என்னமோ, பாவம், எண்ணி எண்ணித் தப்பு விட்டுட்டான்னு நெனச்சேன்." ஆச்சியின் குரல் உயரவே இல்லை. "இப்பக்கூட எம் மூஞ்சியப் பாத்து எண்ணினேன்னுல்ல சொன்ன?"

"ஆச்சி..."

"அழுகாத. காப்பி வரும், ரெண்டு பேரும் குடிச்சிட்டுப் போங்க. தைக்கு எம் மக வேற ஆளப் பாத்துக்கிருவா." எழுந்து உள்ளே போய்விட்டார்.

காப்பி வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். குடிக்காமல் போனால் அது வேறு மரியாதைக் குறைவு. நவநீதனுக்குத் தொண்டை சுட்டது, ஊதிக் குடிக்கவும் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை தீபலட்சுமி விறுவிறுவென்று நடந்தாள். அவன் இரண்டடி பின்னாலேயே வந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழற்குடைக்குள் போய் நின்றதும், "அக்கா, உங்க மேல பழி விழக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தான்.

"யாரக் கேட்டு வந்தீக?" என்றாள்.

அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"நான் ராப்பகலா யோசிச்சுத்தான் தம்பி எம் மேல போட்டுக்கிட்டேன். கணக்க மெஷினுகிட்ட விட்டுட்டு நான் பூ வாங்கப் போனேன்னு சொன்னா அந்த வீட்ல பொறுக்க மாட்டாக. மனுசி தப்பா எண்ணிட்டான்னா பொறுத்துக்கிருவாக. பொறுத்துக்கிட்டாகள்ல? நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான நின்னீக?" குரல் உடைந்தது, இருந்தாலும் விடவில்லை. "உங்களுக்கு நெஞ்சில பாரம். வந்து எறக்கி வச்சிட்டீக. எங்குட்டு எறக்குறோம்னு பாத்தீகளா? வாரதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் பண்ணி, அக்கா நான் வரட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல?"

கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றக்கூட இல்லை. அதைவிடக் கேவலமான ஒன்றும் அவனுக்கு மட்டும் தெரியும். ஆச்சி முன்னால் எல்லாவற்றையும் கொட்டி முடித்த அந்த நிமிஷத்தில், தீபலட்சுமியின் முகம் வெளுத்துக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில், அவனுக்கு நிம்மதியாக இருந்தது. பல நாள் கழித்து மூச்சு ஒழுங்காக வந்தது. நெஞ்சு லேசாகி, நல்லவன் ஆகிவிட்டோம் என்றுகூட இருந்தது. இப்போது அதை நினைக்க நினைக்கத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் திரும்பப் போய் ஆச்சிகிட்டப் பேசட்டுமாக்கா?"

"வேண்டாம் தம்பி" என்றாள் தீபலட்சுமி. கோபம்கூட அதில் இல்லை. "இதோட விட்டுருங்க. நீங்க எனக்கு இனிமே ஒண்ணும் செய்ய வேண்டாம்."

காரைக்குடி பஸ் வந்து நின்றது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி, முன்பக்கம் ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் படியில் நின்று, "தம்பி, காரக்குடியா? ஏறுங்க, எடம் கெடக்கு" என்றார்.

அவனும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். இல்லை என்று தலையை ஆட்டினான்.